மாடிப்படிக் கம்பளமும் 22 என்ற எண்ணும்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து வாடகை வீட்டுக்குள் நுழையும் நம்மவர்களுக்கு முதலில் ஒரு திகைப்பு வரும்: தரை எங்கே? கூடம், படுக்கையறை, மாடிப்படி, சில பழைய வீடுகளில் குளியலறை வரைக்கும்கூட, சுவருக்குச் சுவர் கம்பளம். ஈரத்துணி போட்டுத் துடைக்க முடியாது, தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது, குழந்தை ரசத்தைக் கொட்டினால் வீட்டுக்காரரிடம் கொடுத்த முன்பணம்தான் ஞாபகம் வரும். சில வருடம் போனால் பழகிவிடும். எனக்கும் பழகியது, சொந்தமாக வீடு வாங்கி மாடிப்படிக்கு நானே கம்பளம் எடுக்கிற நாள் வரும்வரை.

கடையில் கையால் தடவிப் பார்த்துத்தான் எடுத்தேன். எது மெத்தென்று இருந்ததோ அது. சாம்பிள் அட்டையின் பின்பக்கம் 22 என்று ஒரு எண்ணும், வீட்டுக்குள் ஆட்கள் நிற்கிற மாதிரி ஒரு குட்டிப் படமும் இருந்தன. ஏதோ ஸ்டாக் நம்பர் என்று விட்டுவிட்டேன். இரண்டே வருடத்தில் ஒவ்வொரு படியின் மூக்கும் மழுங்கி, நடுவில் மட்டும் வழுக்கை விழுந்த மாதிரி ஆகிவிட்டது. குனிந்து கிட்டத்தில் பார்த்தால் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. எல்லா இழையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் படுத்துவிட்டது.

கம்பளத்தைச் சோதிப்பது, தரம் பிரிப்பது என்கிற விஷயம் முழுக்க இந்தப் படுத்துப்போன இழையைச் சுற்றித்தான் சுழல்கிறது. துணி கிழிந்தால் ஆயுள் முடிந்தது என்போம், செருப்பு தேய்ந்தால் மாற்றுவோம். இன்றைய வீட்டுக் கம்பளம் ஓட்டை விழும்வரை இருப்பது அபூர்வம். அதற்கு ரொம்ப முன்னாலேயே பார்க்கச் சகிக்காமல் போய், அதனால்தான் பிடுங்கி எறிவார்கள். ஆகவே சோதனைக்கூடத்தில் பெரும்பாலும் கேட்கிற கேள்வி, எத்தனை வருடம் உழைக்கும் என்பதல்ல; இத்தனை பேர் மிதித்தபின் புதுசிலிருந்து எவ்வளவு மாறிப் போயிருக்கும் என்பது.

சரி, அந்த எண். ஐரோப்பாவில் ஈ.என். 1307 என்று ஒரு தரநிலை இருக்கிறது, தரைக் கம்பளங்களை வகைப்படுத்துவதற்கென்றே. அதில் 2 என்று தொடங்கினால் வீட்டு உபயோகம், 3 என்று தொடங்கினால் அலுவலகம், கடை, ஹோட்டல் மாதிரியான இடங்கள். இரண்டாவது இலக்கம் எவ்வளவு நடமாட்டம் என்பதைச் சொல்கிறது. 21 என்றால் ஆள் அதிகம் போகாத இடம், விருந்தினர் அறை மாதிரி. 22 சாதாரணப் புழக்கம். 23 கடும் புழக்கம்: வாசல் நடை, கூடம், மாடிப்படி. நடுவில் 22+ என்று ஒரு திண்ணையும் உண்டு. பிரிட்டிஷ் கடைகளில் இதையே வார்த்தையாகச் சொல்வார்கள்: லைட் டொமெஸ்டிக், ஜெனரல் டொமெஸ்டிக், ஹெவி டொமெஸ்டிக், அதற்கும் மேலே எக்ஸ்ட்ரா ஹெவி டொமெஸ்டிக். அட்டையில் இருந்த குட்டிப் படத்தில் ஆட்களின் எண்ணிக்கை ஏற ஏற, புழக்கமும் ஏறுகிறது என்று அர்த்தம். எனக்கு அது புரிய இரண்டு வருடமும் ஒரு மாடிப்படியும் செலவாயின.

இதோடு எல்.சி.1 முதல் எல்.சி.5 வரை இன்னொரு வரிசை போட்டிருப்பார்கள். அது சொகுசுக் கணக்கு: இழை எவ்வளவு கனம், எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, நான் குழப்பிக்கொண்டேன். சொகுசில் 4 வாங்கிய கம்பளம் உழைப்பில் 22ஆக இருக்கலாம், காலுக்கு மொரமொரப்பான மெல்லிசுக் கம்பளம் 23ஆகவும் இருக்கலாம். நீளமாக, தளர்வாக நிற்கிற இழை கைக்கு மெத்தென்று இருக்கும், அதே காரணத்தால் சீக்கிரம் சாயும். குட்டையாக, நெருக்கமாக நிற்கிற இழைகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கும். நெருக்கமாய் நட்ட நாற்று காற்றுக்குச் சாயாத மாதிரி.

இந்த எண்ணை யார் தருகிறார்கள், எப்படித் தருகிறார்கள் என்பதில்தான் சுவாரசியம். நூறு பேரைக் கூட்டிவந்து நடக்கச் சொல்லலாம். அப்படி நடக்க வைத்துப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அதற்கு நாளாகும், பணமாகும், நடக்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி மிதிக்கவும் மாட்டார்கள். அதனால் ஒரு டிரம். துணி துவைக்கிற மெஷினின் டிரம்மை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் உட்சுவரில், இழை உள்பக்கம் பார்க்கிற மாதிரி, கம்பளத் துண்டுகளைச் சுற்றிலும் பொருத்துகிறார்கள். உள்ளே ஒரு எஃகுக் குண்டு, சுமார் 7.5 கிலோ, அதில் ரப்பர்க் குமிழ்கள் 14. டிரம் சுற்றச் சுற்ற குண்டு தன் இஷ்டத்துக்கு உருண்டு, புரண்டு, அந்த ரப்பர்க் குமிழ்களால் கம்பளத்தை மிதிக்கிறது. கொஞ்ச நேரம் ஒரு திசை, அப்புறம் எதிர்த் திசை. உதிரும் பஞ்சை உறிஞ்சி எடுக்க ஒரு குழாய். இதற்கு வெட்டர்மன் டிரம் என்று பெயர். 5,000 சுற்று முடிந்ததும் ஒரு துண்டைப் பார்க்கிறார்கள், அது குறுகிய காலத்து மாற்றம். 22,000 சுற்று ஓடிய துண்டு நீண்ட காலத்து மாற்றம்.

குண்டுக்குப் பதிலாக ஆறு கால் முளைத்த ஒரு கட்டையைப் போட்டு உருட்டுவது இன்னொரு முறை, பெயரே ஹெக்ஸாபாட். அதில் 4,000 சுற்றும் 12,000 சுற்றும் கணக்கு. அமெரிக்காவில் இதுதான் அதிகம் பயன்படுகிறது. அங்கே கம்பள உற்பத்தியாளர்களின் சங்கமான கார்ப்பெட் அண்ட் ரக் இன்ஸ்டிட்யூட், அலுவலகம், பள்ளி மாதிரியான இடங்களுக்கு இந்த 12,000 சுற்று மதிப்பெண்ணை வைத்தே எல்லை போட்டிருக்கிறது: மிதமான நடமாட்டத்துக்கு 2.5, அதிக நடமாட்டத்துக்கு 3, மிகக் கடுமையான நடமாட்டத்துக்கு 3.5.

மதிப்பெண் என்றேனே, அது எந்தக் கருவியிலிருந்தும் வருவதில்லை. மனிதக் கண்ணால் போடுவது. இவ்வளவு எஃகும் ரப்பரும் மோட்டாரும் வைத்து ஆயிரக்கணக்கில் சுற்றவிட்ட பிறகு, கடைசியில் சிலர் நின்று பார்த்து, ஐந்துக்கு எவ்வளவு என்று சொல்கிறார்கள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனால் ஏனோதானோ என்று பார்ப்பதில்லை. டிரம்மில் சுற்றிய துண்டும் சுற்றாத அதே கம்பளத்தின் துண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், மேலிருந்து குறிப்பிட்ட வெளிச்சம், குறிப்பிட்ட தூரம், குறிப்பிட்ட கோணம், துண்டைத் திருப்பித் திருப்பி எல்லாத் திசையிலிருந்தும் பார்க்க வேண்டும், ஒருவர் சொன்ன எண் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வொரு வகைக் கம்பளத்துக்கும் எந்த அளவு மாறினால் எந்த எண் என்று காட்டும் மாதிரிப் படங்கள் கையில் இருக்கும். மாற்றமே இல்லை என்றால் 5, ஆளே அடையாளம் தெரியாமல் போனால் 1, நடுவில் அரை மதிப்பெண்ணும் போடலாம். இழை சாய்ந்திருக்கிறதா, தனித்தனியாக நின்ற குஞ்சங்கள் பிரிந்து ஒன்றோடொன்று சடை பிடித்திருக்கின்றனவா, நிறம் மங்கித் தெரிகிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒரு எண். தடிமன் எவ்வளவு குறைந்தது என்று மில்லிமீட்டரில் அளக்கலாம், ஆனால் ஒரே அளவு குறைந்த இரண்டு கம்பளத்தில் ஒன்று பார்க்க நன்றாக இருக்கும், மற்றது குளிக்காத நாய் மாதிரி இருக்கும். வித்தியாசம் கண்ணுக்குத்தான் தெரியும், கம்பளத்தைத் தூக்கி எறியச் சொல்வதும் அந்தக் கண்தானே.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5 என்றால் நல்ல கம்பளம் என்று அர்த்தமில்லை, மாறாத கம்பளம் என்றே அர்த்தம். கோணிச் சாக்கு மாதிரி இருக்கிற கம்பளம், மிதித்த பிறகும் அதே கோணிச் சாக்காக இருந்தால் அதற்கும் நல்ல மதிப்பெண்தான்.

டிரம்மில் தேறினால் மட்டும் வகுப்பு கிடைத்துவிடாது. இழையின் எடை, அடர்த்தி இவற்றுக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் எல்லை உண்டு, எதில் குறைந்த வகுப்பு வருகிறதோ அதுவே கம்பளத்தின் வகுப்பு. எல்லாப் பாடத்திலும் தொண்ணூறு வாங்கிக் கணக்கில் கோட்டைவிட்ட பையன் கதைதான். மாடிப்படிக்கும், சக்கரம் வைத்த நாற்காலிக்கும் தனிச் சோதனை, தனிக் குறியீடு. நாற்காலிச் சோதனையில் 90 கிலோ பாரத்தோடு சக்கரங்களைக் கம்பளத்தின் மேல் 25,000 சுற்று ஓட்டுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் மேசைக்கு அடியில் போடும் கம்பளத்தில் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பீரோ கால் பதிந்த பள்ளம் எழும்புமா என்று பார்க்கவும் ஒரு சோதனை இருக்கிறது: ஒரே இடத்தில் பெரும் பாரத்தை 24 மணி நேரம் வைத்து, எடுத்துவிட்டு, எவ்வளவு மீண்டது என்று அளப்பார்கள். நைலானும் கம்பளி நூலும் நன்றாக மீளும். பாலிப்ரொப்பிலின் மலிவு, கறையும் பிடிக்காது, ஆனால் ஒருமுறை படுத்தால் எழுந்திருக்கச் சோம்பல்படும். என் மாடிப்படியில் இருந்தது அதுதான்.

நிறத்துக்கு வருவோம். ஜன்னல் ஓரம் வெளுத்து, சோபாவுக்கு அடியில் மட்டும் புதுசாக இருக்கிற கம்பளத்தைப் பார்த்திருப்பீர்கள். இதைச் சோதிக்க ஒரு நல்ல உபாயம் வைத்திருக்கிறார்கள்: எட்டு நீலக் கம்பளித் துண்டுகள். முதலாவது சட்டென்று வெளுக்கும் சாயம், எட்டாவது லேசில் வெளுக்காதது, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சுமார் இரண்டு மடங்கு தாங்கும்படி. சூரிய வெளிச்சத்துக்கு ஈடாக ஸெனான் விளக்கின் கீழ் இந்த எட்டையும் கம்பளத் துண்டையும் ஒன்றாக வைத்து, எந்த நீலத்தோடு சேர்ந்து வெளுக்கிறதோ அந்த எண்ணைத் தருகிறார்கள். வீட்டுக் கம்பளத்துக்கு 5 வேண்டும் என்பது வழக்கம். சாயம் ஒட்டுமா என்பதற்கு வெள்ளைப் பருத்தித் துணியால் காய்ந்தபடி பத்துத் தேய்ப்பு, நனைத்துப் பத்துத் தேய்ப்பு. இதை நீங்களே கடையில் ஈரக் கைக்குட்டையால் செய்து பார்க்கலாம், கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

நெருப்புச் சோதனைகள் இன்னும் நேரடியானவை. அமெரிக்காவில் 1971 முதல் ஒரு மாத்திரைச் சோதனை நடைமுறையில் இருக்கிறது. மெத்தினமைன் என்ற எரிபொருள் மாத்திரை ஒன்றை நன்கு உலர்த்திய கம்பளத் துண்டின் நடுவில் வைத்துக் கொளுத்துவார்கள். துண்டின் மேல் எட்டு அங்குல வட்டத் துளை போட்ட ஒரு இரும்புத் தகடு இருக்கும். கருகல் பரவி அந்தத் துளையின் விளிம்புக்கு ஒரு அங்குலம் வரை வந்துவிட்டால் அந்தத் துண்டு தோல்வி. எட்டுத் துண்டில் குறைந்தது ஏழு தேற வேண்டும். பிரிட்டனில் 900 டிகிரிக்குக் காய்ச்சிய எஃகு நட்டை அப்படியே கம்பளத்தின் மேல் 30 வினாடி வைப்பது பழைய முறை. கணப்பிலிருந்து தெறித்து விழும் கங்கு, கையிலிருந்து நழுவும் சிகரெட், இவற்றுக்குப் பதிலாக இவை. கம்பளி நூல் கருகி, தானாகவே அணைந்துவிடும் குணம் உள்ளது. செயற்கை இழைகள் உருகும். சாம்பிராணி, கற்பூரம் ஏற்றுகிற வீடுகள் இதை யோசிக்க வேண்டும். ஒரு கங்கு விழுந்தால் பாலிப்ரொப்பிலின் கம்பளத்தில் பிளாஸ்டிக் வடு நிரந்தரம்.

குளிர்காலத்தில் கம்பளத்தில் நடந்துபோய்க் கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று அடிக்குமே, அதற்கும் சோதனை உண்டு. ஈரப்பதத்தை 25 சதவீதத்துக்கு இறக்கிய அறையில் ஒருவர் கம்பளத்தின் மேல் நடப்பார், அவர் உடம்பில் ஏறும் மின்னழுத்தத்தை அளப்பார்கள். 2,000 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி.

அப்புறம் கறை. அமெரிக்க முறையில் சிவப்புச் சாயம் போட்ட புளிப்பான ஒரு திரவத்தை ஊற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, கழுவி, பத்துக்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். குழந்தைகள் குடிக்கிற சிவப்புப் பானத்தை மனதில் வைத்து வந்த சோதனை. நம் வீட்டு எதிரி வேறு: மஞ்சள். சாம்பார் சிந்தினால் என்ன ஆகும் என்று அந்தச் சிவப்பு எண் சொல்லாது. கம்பளி, நைலான் இரண்டும் மஞ்சளை ஆசையாக இழுத்துக்கொள்ளும். பதறிப்போய்ச் சோப்புத் தூளையோ சோடாவையோ போட்டால் கறை சிவந்துவிடும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைத்த வீட்டில் பிறந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஆறுதல், மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. கழுவியபிறகு ஜன்னல் வெளிச்சம் படுகிற இடமாக இருந்தால் நாளடைவில் மங்கும்.

இத்தனை சோதனைக்கும் பிடிபடாதவையும் இருக்கின்றன. டிரம்முக்குள் போவது சுத்தமான கம்பளம். நம் வீட்டில் செருப்போடு வருகிற மணல் இழைக்கு அடியில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் அரம் மாதிரி அராவும். வாரம் இருமுறை வாக்குவம் போடுகிற வீட்டில் 22 உழைக்கிற உழைப்பை, மாதம் ஒருமுறை போடுகிற வீட்டில் 23 உழைக்காது. வெட்டிய இழைக் கம்பளங்களில் சில சமயம் தண்ணீர் தேங்கிய திட்டு மாதிரி ஒரு நிழல் விழும், ஒரு பகுதியில் இழைகள் எதிர்ப்பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிடும். ஏன் வருகிறது என்று தீர்மானமாக யாராலும் சொல்ல முடிந்ததில்லை, வருமா வராதா என்று முன்கூட்டிச் சொல்ல எந்தச் சோதனையும் இல்லை. அதற்காகக் கடையோடு சண்டை போட்டுப் பயனில்லை. கம்பளி நூல் கம்பளம் புதிதில் பஞ்சு பஞ்சாக உதிர்வதும் குறையல்ல, சில மாதங்களில் நின்றுவிடும்.

கையால் முடிச்சுப் போட்ட கம்பளங்களுக்கு இந்த எண்களைத் தேடாதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் பதோஹி, மிர்சாபூர் பக்கம் முடையும் கம்பளங்களில் கேட்க வேண்டியது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு, கம்பளி எப்படிப்பட்டது என்பதை. திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எண்ணிப் பார்க்கலாம். நம் பவானி ஜமக்காளத்துக்கோ படுப்பதற்கு இழையே கிடையாது, ஊடும் பாவும் மட்டும். டிரம்மில் போட்டால் குண்டு உருண்டு உருண்டு அலுத்துப் போகும்.

கடையில் அட்டை இல்லாத கம்பளத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், சாம்பிளை இழை வெளியே பிளக்கிற மாதிரி பின்னால் மடியுங்கள். அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் இழை தளர்வு, அதைப் படுக்கையறையோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம் கட்டைவிரலால் பத்து வினாடி அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள், குழி எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று. அண்டர்லே எனப்படும் அடிமெத்தையில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், மிதி விழும்போது பாதி அடியை வாங்கிக்கொள்வது அதுதான். தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய் ஓடுகிற வீடு என்றால் மட்டும், கம்பளமும் அண்டர்லேயும் சேர்ந்து 2.5 டாக்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டாக் என்பது போர்வை வாங்கும்போது பார்ப்போமே, வெப்பத்தைத் தடுக்கும் அளவு, அதேதான்.

என் மாடிப்படியில் இப்போது 23, குட்டை இழை, கம்பளியும் நைலானும் எண்பதுக்கு இருபது. பழையதைப் பிடுங்கிப் புதியதைப் போட வந்த பெரியவர், அரை மீட்டர் கூடுதலாக வாங்கச் சொல்லி, அந்த மிச்சத்தை அடிப்படியின் நிமிர்ந்த பக்கத்தில் மடித்துச் செருகி வைத்துவிட்டுப் போனார். சில வருடம் கழித்து மூக்கு மழுங்கத் தொடங்கினால் முழுக் கம்பளத்தையும் கொஞ்சம் மேலே இழுத்து மாட்டினால் போதுமாம், மிதிபடாத பகுதி படியின் விளிம்புக்கு வந்துவிடும்.